ஜிப்சியின் முன் ஆக்சில் மறுபடியும் உடைந்தது: குரோமோலி வாங்கலாமா, அம்பத்தூரில் செய்யலாமா?

வேளச்சேரி ஜிப்சி | ஞாயிறு, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை செங்கல்பட்டைத் தாண்டி, நண்பரின் நிலத்தில் உள்ள பழைய கல்குவாரிப் பள்ளத்தில் என் மாருதி ஜிப்சியின் வலப்பக்க முன் ஆக்சில் உடைந்துவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன் இடப்பக்கம் போனது. அப்போது புதுப்பேட்டையில் பழைய பெர்ஃபீல்டு ஜாயின்ட் (சக்கரம் திரும்பியிருந்தாலும் அதைச் சுழற்றும் குண்டு மூட்டு) ஒன்றை வாங்கிப் போட்டுச் சமாளித்தேன். இந்த முறை அப்படிச் சமாளிக்க மனம் வரவில்லை.

வண்டி ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ எஞ்சின். 31 அங்குல டயர். முன்னும் பின்னும் லாக்கர் (இடது, வலது சக்கரங்களை ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) போட்டிருக்கிறேன். ஆக்சில் ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும் கம்பெனி கொடுத்தவைதாம்.

பள்ளத்துக்குள் முகம் கீழாக இறங்கினேன். அடியில் ஒரு பாறை வழியை மறித்தது. ரிவர்ஸில் ஏறித்தான் வெளியே வர வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்திருந்தேன், லோ ரேஞ்ச். வலது முன் சக்கரம் ஈரக் கல்லின் மேல் வழுக்கிச் சுழன்று, திடீரென்று பிடித்தது. அந்தக் கணத்தில் வாசலில் சிதறுகாய் உடைத்தது போல ஒரு சத்தம். அதன் பிறகு ஸ்டியரிங் பாதிக்கு மேல் திரும்பவில்லை. ஏழு பேர் கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுவந்தோம்.

வெளிநாட்டிலிருந்து குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த வலுவான எஃகு) ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும் வரவழைத்தால் சுங்க வரியோடு சேர்த்துப் பெரிய தொகை ஆகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இஎன்24 எஃகில் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். எது சரி?

பாலாற்று மணல் | ஞாயிறு, இரவு 11.02

யோசிக்கவே வேண்டாம், குரோமோலி வாங்குங்கள். நானும் ஜிப்சிதான் வைத்திருக்கிறேன். இரண்டு முறை உடைத்த பிறகு மாற்றினேன். மூன்று ஆண்டுகளாக ஒரு பிரச்சினையும் இல்லை. காட்டுக்குள் வண்டி நின்றுவிட்டால் கூட வந்திருக்கிற பத்துப் பேரின் நாளும் வீணாகிறது. அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அம்பத்தூர் லேத் | ஞாயிறு, இரவு 11.40

தம்பி, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நக்கிளை, அதாவது ஜாயின்ட்டை மூடியிருக்கும், சக்கரத்தோடு திரும்பும் முட்டியைப் பிரித்து உடைந்த துண்டுகளை எடுங்கள். அவற்றைக் கழுவாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். பழைய துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். எங்கே உடைந்தது என்பதும் முக்கியம். உள் ஷாஃப்ட்டின் கழுத்திலா, ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நுனியில் வெட்டிய பல்வரிசை) முடியும் இடத்திலா, குண்டுகள் உட்காரும் கிண்ணத்திலா?

முப்பது ஆண்டுகளாக உடைந்த இரும்பைப் பார்த்துவருகிறேன். ஏன் உடைந்தது என்பதை உடைந்த முகமே சொல்லிவிடும். அதைக் கேட்காமல் வாங்கும் உதிரிப்பாகம் குருட்டு வைத்தியம்.

வேளச்சேரி ஜிப்சி | திங்கள், இரவு 9.20

ஐயா சொன்னபடி செய்தேன். உடைந்தது கிண்ணம். விளிம்பிலிருந்து ஒரு பெரிய சில்லு, கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம், பெயர்ந்து வந்துவிட்டது. ஆறு குண்டுகளில் நான்கு நக்கிளின் அடியில் கிடந்தன. ஒன்று பக்கவாட்டில் சிக்கியிருந்தது. ஸ்டியரிங்கைத் தடுத்தது அதுதான். உள் ஷாஃப்ட் நேராகவே இருக்கிறது, ஸ்ப்லைன் முறுக்கிக்கொள்ளவில்லை.

இனி நீங்கள் கேட்ட முகம். சில்லின் ஒரு மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பகுதி காப்பிப்பொடி நிறத்தில், வழவழப்பாக இருக்கிறது. அதற்குள் உற்றுப் பார்த்தால், குளத்தில் தண்ணீர் வற்றிய கரையில் தெரியுமே, அது போல வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். மீதி முழுவதும் சர்க்கரையைக் கொட்டியது போலச் சொரசொரப்பான புதுச் சாம்பல் நிறம். கிரீஸ் வழக்கமான கறுப்பாக இல்லை. மோர் கலந்தது போல வெளுத்து, விரலில் ஒட்டாமல் வழிகிறது.

அம்பத்தூர் லேத் | திங்கள், இரவு 10.05

அப்படியென்றால் நேற்று உடைந்தது மீதிப் பகுதி மட்டும்தான் தம்பி. அந்தக் காப்பிப்பொடி நிறப் பகுதி பல மாதங்களுக்கு முன்பே விரிந்துவிட்டது. வளைவுக் கோடுகள் ஒவ்வொன்றும் விரிசல் கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்த தடம். விரிசலுக்குள் ஈரம் போய்த் துரு பிடித்ததால்தான் நிறம் மாறியிருக்கிறது. சொரசொரப்பான இடம் ஒரே அடியில் பிளந்தது.

இந்த ஜாயின்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எளிதில் புரியும். 1920களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா வடிவமைத்த வகை இது. பெர்ஃபீல்டு என்பது பின்னாளில் வந்த ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர், அதுவே ஜாயின்ட்டின் பெயராக நிலைத்துவிட்டது. ஆறு குண்டுகளும் எப்போதும் இரண்டு ஷாஃப்ட்டுகளுக்கு நடுவிலான கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். அதனால்தான் சக்கரம் திரும்பியிருந்தாலும் வேகம் ஒரே சீராகப் போகிறது. ஆனால் கோணம் கூடக் கூடக் குண்டுகள் கிண்ணத்தின் விளிம்பை நோக்கி நகர்கின்றன. எல்லாக் குண்டுகளும் சமமாகச் சுமப்பதும் இல்லை. முழு ஒடிப்பில் சுமை வந்து விழுவது கிண்ணத்தின் மெல்லிய உதட்டில்தான்.

வெளுத்த கிரீஸ் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வண்டி எப்போதாவது ஆழமான தண்ணீரில் நின்றதா?

வேளச்சேரி ஜிப்சி | திங்கள், இரவு 10.50

நின்றது ஐயா. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் இந்த ஜிப்சியில்தான் பாலும் மாத்திரைகளும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு கர்ப்பிணியை மேம்பாலம் வரை கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் வண்டியை ஒரு பட்டறையில் விட்டு, எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் எல்லாம் மாற்றச் சொன்னேன். நக்கிளையும் பிரித்துக் கிரீஸ் மாற்றியதாகப் பில்லில் எழுதியிருந்தார்கள். இன்று பிரித்தபோது பார்த்தேன்: பின்பக்கத் தகட்டின் போல்ட்டுகளில் இருந்த பழைய சேறு அப்படியே இறுகிக் கிடந்தது. யாரும் தொடவே இல்லை. எழுதும்போதே நெஞ்சு எரிகிறது.

அம்பத்தூர் லேத் | திங்கள், இரவு 11.15

அந்த வெள்ளத்தில் ஓடிய வண்டிக்கு வரக்கூடிய நோய்தான் இது. நக்கிள் உருண்டையைத் துடைக்கிற ரப்பர் சீல் சேறு தெறிப்பதைத் தடுக்கும், மணிக்கணக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் தாங்காது. உள்ளே போன சாக்கடை நீர் குண்டு ஓடும் பாதையில் குழிகுழியாக அரித்திருக்கும். விரிசல் தொடங்க ஒரு குழி போதும்.

புதுப்பேட்டையில் வாங்கிப் போட்ட இடப்பக்க ஜாயின்ட்டையும் இந்த வாரமே பிரியுங்கள். சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. கிண்ணத்தைப் பெட்ரோலில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள். காலையில் எடுத்து, துணியால் அழுத்தித் துடைத்து, பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடியாக்கி மெல்லியதாகத் தூவுங்கள். அரைமணி நேரம் தொடாதீர்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் வெளியே கசிந்து பொடியில் ஒரு கோடு போடும்.

சிவப்பு தார் | செவ்வாய், காலை 8.10

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ. முன்பக்கம் டார்ஷன் பாருடன் (ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பி) தனித்தனி சஸ்பென்ஷன், திட ஆக்சில் கிடையாது. பாரை முறுக்கி முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்திய பிறகு சிவி ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிழிகிறது. வலுவான ஷாஃப்ட் போட்டால் தீருமா?

குரோம்பேட்டை ஜீப் | செவ்வாய், காலை 9.30

தீராது சகோதரரே. உங்கள் பிரச்சினை கோணம். பாரை முறுக்கி உயர்த்தும்போது டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இருந்த இடத்திலேயே நிற்கிறது, சக்கரம் கீழே போகிறது. வண்டி சும்மா நேராக ஓடும்போதே ஜாயின்ட் வளைந்துதான் ஓடுகிறது, பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. உயரத்தைக் குறையுங்கள், அல்லது டிஃபரன்ஷியலைக் கீழிறக்கும் ஸ்பேசர் போடுங்கள். பூட் கிழிந்து மணல் போன ஜாயின்ட் எந்த எஃகில் செய்ததாக இருந்தாலும் தேய்ந்துபோகும்.

வேளச்சேரி நண்பருக்கு: டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே. உங்கள் எஞ்சினின் உச்ச டார்க் (முறுக்கு விசை) 103 நியூட்டன் மீட்டர். லோ ரேஞ்சில் முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதை ஏறத்தாழ 30 மடங்காக்கும். அதாவது நான்கு சக்கரங்களுக்குமாக 3,000 நியூட்டன் மீட்டர். சமதரையில் இது நான்காகப் பிரியும், கவலையில்லை. ஆனால் ஒரு சக்கரம் எவ்வளவு வாங்கும் என்பதை முடிவு செய்வது எஞ்சின் அல்ல, அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையும் தரைப் பிடிப்பும் டயரின் ஆரமும்தான்.

உங்கள் வண்டி ஏறத்தாழ ஒரு டன். முகம் கீழாக நின்று ரிவர்ஸில் ஏறும்போது எடை முன்னால் சாய்கிறது. மறு சக்கரம் தூக்கிக்கொண்டு நின்றிருந்தால் 500 கிலோ அந்த ஒரே சக்கரத்தில் இருந்திருக்கலாம். நல்ல பாறைப் பிடிப்புக்கு 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டயரான 205/70 ஆர்15இன் ஆரம் சுமார் 33 சென்டிமீட்டர்: ஷாஃப்ட்டில் விழும் முறுக்கு 1,310 நியூட்டன் மீட்டர். 31 அங்குல டயரில் ஆரம் 39 சென்டிமீட்டர்: 1,530. முன் லாக்கர் இல்லாதிருந்தால், தூக்கி நிற்கும் சக்கரம் சும்மா சுழன்று இந்த ஷாஃப்ட்டைக் காப்பாற்றியிருக்கும். இதெல்லாம் சீராகத் தள்ளும் கணக்குதான். சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் சட்டென்று பிடிக்கும்போது விழும் அடி இதைவிட எவ்வளவோ பெரியது.

இன்னொன்று. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. வண்டியை அன்றாடம் சாலையிலும் ஓட்டுபவர் நீங்கள். பெரிய டயர் போடும்போது அதையும் மனத்தில் வையுங்கள்.

பாலாற்று மணல் | செவ்வாய், மதியம் 1.45

டயரைச் சின்னதாக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாறையில் டிஃபரன்ஷியல் உருண்டை இடிக்காமல் போவதற்குத்தானே பெரிய டயர்? ஷாஃப்ட்டை வலுப்படுத்த வழியிருக்கும்போது டயரை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே போதும். முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். பத்து சதவீதம் தடித்தால் 33 சதவீதம் கூடுதல் வலு.

குரோம்பேட்டை ஜீப் | செவ்வாய், மாலை 6.20

கணக்கு சரி நண்பரே, ஆனால் அந்த வலு அடுத்து எங்கே போய் இடிக்கும்? நான் இதைச் சொந்தப் பணத்தில் கற்றேன். என் பழைய ஜீப்பில் முன் ஆக்சில் கிராஸ் ஜாயின்ட் (சிலுவை வடிவ மூட்டு) வகை. போர்க்கால வில்லிஸ் ஜீப்புகளிலேயே பெண்டிக்ஸ், ரெசெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என்று நான்கு வகை ஜாயின்ட்டுகள் இருந்தன. எனக்கு வாய்த்தது ஸ்பைசர் கிராஸ். 30 டிகிரி திருப்பினால் ஒரே சுற்றுக்குள் சக்கர வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே இரண்டு முறை ஏறி இறங்கும், ஸ்டியரிங் கையில் துடிக்கும். பூட்டு வளையமான சர்க்கிளிப் கழன்று, கிராஸின் நுனியில் இருக்கும் கப் வெளியே நகர்ந்து நுகத்தின் காது உடைந்தது. கோபத்தில் ஷாஃப்ட், கிராஸ், ஹப் எல்லாவற்றையும் தடிமனாகப் போட்டேன். அடுத்த கோடையில் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் மூன்று பற்கள் போயின. ஷாஃப்ட் உடைந்தால் வழியிலேயே இரண்டு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். கிரவுன் பினியனை மாற்ற வண்டியை லாரியில் ஏற்ற வேண்டும்.

அதனால் நான் ஷாஃப்ட்டைச் சக்கரத்தோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப்பை மட்டும் சாதாரணமானதாகவே வைத்திருக்கிறேன். முதலில் உடைய வேண்டியது அது. சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பெட்டியில் எப்போதும் ஒன்று கிடக்கும்.

பாலாற்று மணல் | செவ்வாய், மாலை 7.05

ஹப்பைப் பற்றிச் சொன்னது நல்ல யோசனை. அதை ஏற்கிறேன். டயரில் என் கருத்து மாறவில்லை.

அம்பத்தூர் லேத் | செவ்வாய், இரவு 9.50

இப்போது இஎன்24 பற்றிப் பேசலாம். இது என் தொழில், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஎன்24 நல்ல எஃகு. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் சேர்ந்தது. வெளிநாட்டில் 4340 என்ற எண்ணில் குரோமோலி ஷாஃப்ட்டுக்குப் பயன்படுத்துவதும் கிட்டத்தட்ட இதே இனம்தான். ஆனால் கடையில் கிடைக்கும் கம்பி பெரும்பாலும் ‘டி’ நிலையில் வரும். அதன் இழுவலிமை 850 முதல் 1,000 மெகாபாஸ்கல். லேத்தில் கடைய வசதியாக இருக்கட்டும் என்று வைத்திருக்கும் மிதமான கடினம் அது. அந்தக் கம்பியை வாங்கி அப்படியே கடைந்து ஸ்ப்லைன் வெட்டிக் கையில் கொடுத்தால், உங்களுக்குக் கிடைப்பது கம்பெனி ஷாஃப்ட்டைவிடப் பலவீனமானதாகவே இருக்கக்கூடும். ஏனென்றால் கம்பெனிக்காரர்கள் சாதாரணக் கார்பன் எஃகையே எடுத்தாலும் தூண்டல் முறையில் மேல்தோலை மட்டும் சூடாக்கிக் கடினப்படுத்துகிறார்கள். முறுக்கும்போது அதிக அழுத்தம் விழுவது தோலில்தான். தோல் கடினம், நடு நெகிழ்வு.

ஆகவே எஃகின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். செய்து தருபவரிடம் இப்படிக் கேளுங்கள். கடைந்த பிறகு மறுபடி சூளைக்குப் போகுமா? 830 டிகிரி அளவில் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, பிறகு பதம் இறக்குவார்களா? எத்தனை ராக்வெல் (கடினத்தின் அளவு) என்று எழுதித் தருவார்களா? சூளையில் ஷாஃப்ட் வளையும், அதை நிமிர்த்திச் சரிபார்ப்பார்களா? இதற்கெல்லாம் “அது வேண்டாம் சார், இஎன்24 இரும்பாச்சே” என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது வடிவம். பலர் ஷாஃப்ட்டின் உடம்பைத் தடிமனாக விட்டு, நுனியில் மட்டும் ஸ்ப்லைன் வெட்டுகிறார்கள். பார்க்கப் பலமாகத் தெரியும். முறுக்கு முழுவதும் ஸ்ப்லைன் முடியும் அந்த ஒரு வளையத்தில் குவிந்து அங்கேயே வெட்டுப்படும். உடம்பின் விட்டத்தை ஸ்ப்லைன் பள்ளத்தின் அடிவிட்டத்துக்குச் சமமாகவோ சற்றே குறைவாகவோ கடைந்தால் ஷாஃப்ட் முழு நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டு, அடியை ஸ்பிரிங் போல வாங்கிக்கொள்ளும். ஜிப்சியில் ஒரு பக்க ஷாஃப்ட் நெட்டை, மறுபக்கம் குட்டை. குட்டையானது குறைவாகவே முறுக்கும், அடியை அதிகம் வாங்கும். மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக எடுக்க வேண்டும்.

கிண்ணத்தை மட்டும் என்னைப் போன்ற லேத்காரர்களிடம் கேட்காதீர்கள். அதில் குண்டு ஓடும் பாதைகள் 58 ராக்வெல்லுக்கு மேல் கடினமாக இருக்க வேண்டும், அதன் பிறகு துல்லியமாக அரைக்கப்பட வேண்டும். ஆறு பாதைகளில் ஒன்று மயிரிழை தவறினாலும் ஆறு குண்டுகள் சுமக்க வேண்டியதை நான்கு சுமக்கும். அது அதற்கென்றே எந்திரம் வைத்திருக்கும் தொழிற்சாலையின் வேலை. என் பட்டறைக்கு வருபவர்களிடமும் இதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

உங்களுக்கு உடைந்தது கிண்ணம். ஷாஃப்ட் நேராக இருக்கிறது. அப்படியிருக்க ஷாஃப்ட்டை எதற்குச் செய்யப் போகிறீர்கள்?

புது ஜிம்னி | புதன், காலை 7.40

ஐயா எழுதியதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்களிடம் 2023 ஜிம்னி. அதிலும் முன்னால் திட ஆக்சில்தான், காயில் ஸ்பிரிங்குடன். டயர் மாற்றவில்லை. நாங்களும் நக்கிளைத் திறந்து பார்க்க வேண்டுமா?

அம்பத்தூர் லேத் | புதன், காலை 8.15

ஆழமான தண்ணீரில் நிற்காத வரை இப்போது வேண்டாம் அம்மா. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடும்போது டிக் டிக் என்று சத்தம் வருகிறதா என்று மட்டும் மாதம் ஒரு முறை கேளுங்கள். நக்கிள் உருண்டையின் மேல் கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் நல்லது. தண்ணீராக ஒழுகினால் டிஃபரன்ஷியல் ஆயில் உள்சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைக்கிறது என்று பொருள், உடனே பாருங்கள்.

வேளச்சேரி ஜிப்சி | சனி, மாலை 5.30

இடப்பக்கத்தைப் பிரித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் குறையே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து இன்று காலை சாக்பீஸ் பொடி தூவினேன். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டாவது குண்டுப் பாதையின் விளிம்பில் வெள்ளைப் பொடியின் நடுவே ஒரு கறுத்த முடி கிடப்பது போல ஒரு கோடு. ஊதினேன், போகவில்லை. விரலால் துடைத்துவிட்டு மறுபடி தூவினேன். அதே இடத்தில் அதே கோடு, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். என் அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இதே வண்டியில்தான் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப்போவதாக இருந்தேன். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்கியது.

என் முடிவு: இரண்டு பக்கமும் புதிய அசல் பெர்ஃபீல்டு ஜாயின்ட், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சொல்லிவிட்டேன். உள் ஷாஃப்ட்டுகள் இருப்பவையே, மண்ணெண்ணெய்ச் சோதனையில் சுத்தமாக இருந்தன. உள்சீல், துடைப்பு சீல், கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சாணி) பேரிங் எல்லாம் புதிது. டயரை 235/75 ஆர்15க்கு, அதாவது 29 அங்குலத்துக்கு இறக்குகிறேன். பாலாற்று மணல் அண்ணன் மன்னிக்க வேண்டும். முன் லாக்கரைக் கழற்றுகிறேன். பிறகு தேவைப்பட்டால் சுவிட்ச் போட்டு இயக்கும் வகை வாங்கிக்கொள்ளலாம்.

பாலாற்று மணல் | சனி, இரவு 8.00

மன்னிக்க ஒன்றுமில்லை தம்பி. சாலையில் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு நீங்கள் எடுத்த முடிவுதான் சரி. என் வண்டி மாதம் ஒரு முறை பாறைக்கு மட்டும் போவது. நாளைக்கு நானும் நக்கிளைத் திறக்கிறேன். குரோமோலிதானே என்று மூன்று ஆண்டுகளாகத் திறக்கவே இல்லை.

அம்பத்தூர் லேத் | சனி, இரவு 9.10

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை: மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் மட்டும். கிண்ணத்துக்குள் விரலால் அழுத்தி, குண்டுகளுக்குப் பின்னால் பிதுங்கி வரும் வரை திணியுங்கள். மேலே பூசுவது போதாது. கிங்பின் ஷிம்கள் (மெல்லிய இடைத்தகடுகள்) எந்தப் பக்கம் எத்தனை இருந்தனவோ அப்படியே போகட்டும். வீல் பேரிங் நட்டின் பூட்டுத் தகட்டைப் பழையதையே மடிக்காதீர்கள், புதிது போடுங்கள்.

வேளச்சேரி ஜிப்சி | ஜனவரி, முதல் ஞாயிறு

தகவலுக்காக எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் நேற்று இரண்டு நக்கிளையும் திறந்தேன். இந்த முறையும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நான்கு நாள் நின்றது, அதில் ஓட்டத்தான் வேண்டியிருந்தது. வலப்பக்கம் கிரீஸ் கறுப்பாக, கெட்டியாக, போட்டது போலவே இருக்கிறது. இடப்பக்கம் அடியில் மட்டும் ஒரு தேக்கரண்டி அளவு வெளுத்திருந்தது. துடைப்பு சீலின் ஓரத்தில் ஒரு சிறு கீறல், உருண்டையில் துரு முள் ஒன்று குத்தியிருக்கிறது. உருண்டையை நைசான உப்புத்தாளால் தேய்த்து, சீலை மாற்றி, புதுக் கிரீஸ் திணித்து மூடிவிட்டேன். மூன்று மணி நேர வேலை. அதே கல்குவாரிக்கும் போய்வந்தேன். அந்தப் பாறை இருக்கும் மூலைக்குள் இறங்கவில்லை, மேலேயே திருப்பிக்கொண்டேன்.